எந்த லைட்டை எந்த ஸ்விட்ச்சோடு சேர்ப்பது? ஒரு சாட்ஸ்வொர்த் வீட்டுக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டு ஒயரிங் முழுவதையும் மாற்றப்போகிறார்கள். 1960-களில் டர்பன் மாநகராட்சி கட்டிய மாடி வீடு. ரோடு கீழே, வீடு மேலே, நடுவில் சிமென்ட் படிகள். பின்னால் ஓர் அவுட்பில்டிங், அதில் வாடகைக்கு ஒரு குடும்பம். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் விலை சொல்வதற்கு முன் ஒன்றைத்தான் கேட்டார்: எந்தெந்த லைட் எந்தெந்த ஸ்விட்ச்சில் வரவேண்டும்? அத்தானுக்கு ஹாலில் ஆறு லைட்டும் ஒரே ஸ்விட்ச்சில் வந்தால் போதும், செலவு மிச்சம். அக்காவுக்கு மாடிப்படியின் மேலேயும் கீழேயும் ஸ்விட்ச் வேண்டும். அக்கா மகனுக்கு எல்லாமே போனில் அணைய வேண்டும். எழுதித் தரச் சொல்லி என்னிடம் தள்ளிவிட்டார்கள். பழைய ஒயரிங்கை மாற்ற நினைக்கும் வேறு வீடுகளுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், வாட் கணக்கு இதில் கடைசி விஷயம். இருட்டில் யார் எந்தப் பக்கம் நடப்பார்கள், கரன்ட் போனால் எது எரிய வேண்டும் என்ற இரண்டையும் முதலில் கேட்டுவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஹால்: ஆறும் ஒன்றாகவா, பிரித்தா?

ஒரே ஸ்விட்ச்சில் பல லைட் போடுவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. லைவ் கம்பி ஸ்விட்ச்சுக்குப் போய், அங்கிருந்து முதல் லைட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தாவிக்கொண்டே போகும், நியூட்ரலும் அப்படியே. பார்க்க வரிசையாகத் தெரிந்தாலும் இது பள்ளிக்கூடத்தில் படித்த பக்க இணைப்புதான், ஒவ்வொரு லைட்டுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். ஒன்று பியூஸ் போனாலும் மற்றவை எரியும். தெரியாத ஆள் தொடர் இணைப்பில் போட்டுவிட்டால் எல்லாம் மங்கும், ஒன்று போனால் மொத்தமும் போகும்.

சுமையைப் பற்றிக் கவலைப்பட்டது ஒரு காலம். 60 வாட் பல்பு பத்து போட்டால் 600 வாட், அதாவது 2.6 ஆம்பியர். இன்று 9 வாட் எல்இடி பத்து போட்டாலும் 90 வாட், அரை ஆம்பியர்கூட வராது. இங்கே கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்விட்ச் பெரும்பாலும் 16 ஆம்பியர் தாங்கும். லைட் சர்க்யூட்டுக்கு வழக்கமாகப் போடும் 1.5 சதுர மி.மீ. கம்பியும் 10 ஆம்பியர் பிரேக்கரும் இதற்குத் தாராளம். ஆகவே "பிரித்துப் போட்டால் கரன்ட் மிச்சமாகும்" என்ற பழைய நியாயமும் இப்போது வலுவாக இல்லை. ஆறு லைட்டும் ஐந்து வாட் என்றால் மொத்தமே 30 வாட்தான். கூரையில் இன்னும் 50 வாட் ஹாலோஜன் இருந்தால், ஸ்விட்ச்சைப் பிரிப்பதைவிட அந்தப் பல்புகளைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

ஆனாலும் நான் பிரிக்கத்தான் சொல்வேன். காரணம் கண். ராத்திரி டிவி பார்க்கும்போது திரைக்கு மேலே இருக்கும் இரண்டு லைட் முகத்தில் அடிக்கும். விருந்தாளி வந்தால் ஆறும் வேண்டும். ஒருவர் மட்டும் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஒன்று போதும். ஒரே ஸ்விட்ச்சில் இருந்தால் எல்லாம் அல்லது எதுவும் இல்லை என்ற நிலைதான். ஒரு லீவர் (போட்டு அணைக்கும் நாக்கு) ஸ்விட்ச்சுக்கும் மூன்று லீவர் ஸ்விட்ச்சுக்கும் சுவரில் உள்ள பெட்டி ஒன்றே, அதே நாலுக்கு ரெண்டு பெட்டி. கூடுதலாக ஆகிற செலவு இரண்டு கம்பியும் கொஞ்சம் கூலியும். பிறகு மாற்ற நினைத்தால், காண்டூட்டில், அதாவது கம்பி ஓடும் குழாயில், இடம் இல்லாவிட்டால் சுவரை வெட்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். அத்தான் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரியது.

லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரன்ட்டை நிறுத்துவது) காலத்தில் வாங்கிய சார்ஜ் பல்புகள் இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. 2024 மார்ச் கடைசியில் அரசு மின் நிறுவனமான எஸ்காம் லோட்ஷெடிங்கை நிறுத்தியது. 2025-இன் முதல் பாதியில் சில நாட்கள் திரும்பவும் வந்து போனது. அது போனாலும் கேபிள் திருட்டும் மழையில் வரும் கோளாறும் போகவில்லை, அதனால் பல்புகளை யாரும் தூக்கிப் போடவில்லை. சாதாரண பல்பு மாதிரியே மாட்டலாம், உள்ளே சின்ன பேட்டரி, கரன்ட் போனாலும் எரியும். அது சரி, கரன்ட் இல்லாதபோது ஸ்விட்ச் போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா என்று பல்புக்கு எப்படித் தெரியும்?

பல்பு தன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றை விட்டுப் பார்க்கிறது. ஸ்விட்ச் போட்டிருந்தால், லைவ் கம்பி வழியாக வீட்டிலுள்ள ஃப்ரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் கடந்து நியூட்ரலில் திரும்பி வர ஒரு பாதை இருக்கும். பாதை இருந்தால் எரியும். ஸ்விட்ச் அணைத்திருந்தால் பாதை அறுந்திருக்கும், எரியாது. இந்தப் பல்பைக் கையில் பிடித்து அடிமுனைகள் இரண்டையும் ஈர விரலால் தொட்டால் எரிகிறதே, குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவார்களே, அதுவும் இதே வேலைதான்.

இப்போது இந்தப் பல்பு நான்கை ஒரே ஸ்விட்ச்சில் மாட்டுங்கள். கரன்ட் போகிறது, நீங்கள் ஸ்விட்ச்சை அணைக்கிறீர்கள். ஆனால் நான்கும் ஒன்றோடொன்று பக்க இணைப்பில் இருப்பதால், ஒவ்வொரு பல்புக்கும் மற்ற மூன்றின் வழியாகப் பாதை தெரிகிறது. ஸ்விட்ச் போட்டிருப்பதாக நினைத்து எரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க அணையாத லைட், விடிவதற்குள் காலியான பேட்டரி. ஸ்விட்ச் கெட்டுப்போனது என்று எண்ணிப் புது ஸ்விட்ச் வாங்கி மாட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒரு ஸ்விட்ச்சுக்கு ஒரு பல்புதான் என்று பல பெட்டிகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பது இதனால்தான். பக்கத்தில் சாதாரண எல்இடி இருந்தால்கூட சில சமயம் இதே குழப்பம் வரும்.

அதனால் ஹாலில் ஒரு லைட்டுக்கு மட்டும் தனி லீவர், அதில் சார்ஜ் பல்பு. மற்ற ஐந்தும் சாதாரண எல்இடி, இரண்டு லீவரில். ஆக மொத்தம் மூன்று லீவர். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்தப் பல்பு ஸ்விட்ச் போட்டிருக்கும்போதுதான் சார்ஜ் ஆகும். தினமும் எரியாத விருந்தினர் அறையில் மாட்டினால், கரன்ட் போகிற அன்றைக்கு அதில் ஒன்றும் இருக்காது. அடுக்களை, நடை, மாடிப்படி ஆகியவைதான் அதற்கான இடங்கள்.

மாடிப்படி: ஒரு லைட், இரண்டு ஸ்விட்ச்

இதில் அக்கா சொல்வதே சரி, விவாதமே வேண்டாம். கீழே போட்டு மேலே அணைக்க முடியாத மாடிப்படி லைட், ஒன்று ராத்திரி முழுக்க எரியும், அல்லது எரியவே எரியாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இரண்டாவதுதான் நடக்கும். போட்டுவிட்டு அணைக்கத் திரும்பக் கீழே இறங்க யாருக்குத் தெம்பு? அப்புறம் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவார்கள்.

இதற்கு டூ-வே ஸ்விட்ச் இரண்டு வேண்டும். சாதாரண ஸ்விட்ச்சில் இரண்டு முனை, இதில் மூன்று. ஒரு ஸ்விட்ச்சின் பொது முனைக்கு லைவ் வரும். மற்ற ஸ்விட்ச்சின் பொது முனையிலிருந்து லைட்டுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு கம்பிகள் ஓடும். இரண்டு ஸ்விட்ச்சும் ஒரே கம்பியைத் தேர்ந்தெடுத்திருந்தால் லைட் எரியும், வேறு வேறு என்றால் அணையும். அதனால்தான் இந்த ஸ்விட்ச்சில் மேல் பக்கம் கீழ் பக்கம் பார்த்து ஆன், ஆஃப் சொல்ல முடியாது. பல்பு மாற்றும்போது ஸ்விட்ச்சை நம்பாமல் டிபி போர்டில் (வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) பிரேக்கரை இறக்கிவிட வேண்டும். மூன்றாவது இடத்திலும் ஸ்விட்ச் வேண்டுமென்றால், நடுவில் நாலு முனை உள்ள இன்டர்மீடியட் ஸ்விட்ச் ஒன்று சேரும். நீளமான நடை இருந்தால் மட்டும் அது பற்றி யோசியுங்கள்.

கம்பியை மிச்சம் பிடிக்க, இரண்டு ஸ்விட்ச்சுக்கும் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துக் கொண்டுவரும் பழைய முறை ஒன்று உண்டு. அதில் லைட் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரின் இரண்டு முனையிலும் லைவ் நிற்கலாம். பழைய வீட்டில் அப்படி ஏதாவது அகப்பட்டால் யோசிக்காமல் பிடுங்கி எறியச் சொல்லுங்கள்.

அதைவிட அதிகமாக நடக்கும் தப்பு நியூட்ரலில். கீழ் வீட்டு லைட்டெல்லாம் ஒரு பிரேக்கரில், மேல் வீட்டு லைட்டெல்லாம் இன்னொன்றில் இருக்கும். மாடிப்படி லைட் இரண்டுக்கும் நடுவில். லைவைக் கீழேயிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் மேல் வீட்டில் கைக்கு எட்டுகிற லைட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். லைட் அழகாக எரியும், வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்த அன்றுதான் வெளியே வரும். இன்வெர்ட்டர் போடும்போது, கரன்ட் போனாலும் ஓட வேண்டியவற்றைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று ஓர் எர்த் லீக்கேஜும் (மின் கசிவு கண்டால் அணைக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) நியூட்ரல் பட்டையும் வைப்பார்கள். மாடிப்படி லைட்டின் மின்னோட்டம் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் திரும்பினால் போனதும் வந்ததும் ஒத்துப்போகாது. லைட் போட்ட நொடியே எர்த் லீக்கேஜ் ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் விற்ற ஆள் வீட்டு ஒயரிங்கைக் குறை சொல்வார், ஒயரிங் செய்தவர் இன்வெர்ட்டரைக் குறை சொல்வார். ஆபத்தும் உண்டு. மேல் வீட்டுப் பிரேக்கரை இறக்கிவிட்டு அந்த நியூட்ரலைக் கழற்றுகிறவர் கையில், பல்பு வழியாக வந்த கீழ் வீட்டு லைவ் இருக்கும். அதனால் எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: மாடிப்படி லைட்டுக்கு லைவும் நியூட்ரலும் ஒரே பிரேக்கரிலிருந்து வரட்டும்.

டூ-வே போட்ட பிறகு, அணைத்த எல்இடி மினுக்மினுக்கென்று லேசாக ஒளிர்வதைப் பார்க்கலாம். பேய் இல்லை. லைவ் இருக்கும் கம்பியை ஒட்டியே நீளமாக ஓடுகிற இன்னொரு கம்பியில் கொஞ்சம் மின்சாரம் ஏறிவிடுகிறது, எல்இடிக்கு அந்தத் துளியே போதும். லைட்டுக்குப் பக்க இணைப்பில் சின்ன கபாசிட்டர் ஒன்று வைத்தால் சரியாகிவிடும். வேறு கம்பெனிப் பல்பு மாற்றியதும் நின்றுபோனதும் உண்டு.

சுவரை வெட்டவே முடியாது என்கிறவர்களுக்கு வயர்லெஸ் ஸ்விட்ச் இருக்கிறது. கூரைக்குள் லைட் பக்கத்தில் ஒரு ரிசீவர், சுவரில் ஒட்டிக்கொள்ளும் பொத்தான். சில வகைகளில் பேட்டரிகூடக் கிடையாது, அழுத்துகிற வேகத்திலேயே சிக்னல் போகும். வாடகை வீட்டுக்கு நல்லது. ஆனால் அக்கா வீட்டில் எப்படியும் சுவரைத் திறக்கப்போகிறார்கள், அங்கே கம்பியே போகட்டும். கம்பியும் ஸ்விட்ச்சும் முப்பது வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும். ரிசீவர் கெட்டால் அதே கம்பெனிப் பொருள் அன்றைக்குக் கிடைக்க வேண்டுமே.

பூஜை அறை லைட்டை நடை லைட்டோடு சேர்க்காதீர்கள், தனி ஸ்விட்ச் இருக்கட்டும். விடியற்காலை விளக்கேற்ற எழுகிறவர் மற்றவர்கள் தூக்கத்தைக் கெடுக்க விரும்ப மாட்டார். பாத்ரூமில் நேர்மாறு. லைட்டையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஒரே ஸ்விட்ச்சில் சேர்த்துவிடுங்கள். டர்பன் புழுக்கத்தில் ஃபேனை மறந்தால் கூரை கறுத்துவிடும்.

வெளிப்படியும் கேட்டும்

ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும், பின்சந்தையும் சேர்த்து நாலு லைட். உள்ளேயிருந்து ஒரே ஸ்விட்ச்சில் போடலாம், ஆனால் வேலை முடிந்து இருட்டில் வருகிறவருக்கு அந்த ஸ்விட்ச் வீட்டுக்குள் இருந்து என்ன பிரயோஜனம்? டைமர் வைக்கலாம் என்றால், டர்பனில் ஜூன் மாதம் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் ஏழு மணி ஆகும். வருஷம் முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றும் டைமராக இருந்தால் கரன்ட் போகும் ஒவ்வொரு முறையும் அதன் கடிகாரம் பின்தங்கும். லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது பட்டப்பகலில் எரிந்த வாசல் லைட்டுகள் இப்படி வந்தவைதான்.

மிஞ்சுவது இரண்டு. வெளிச்சம் குறைந்தால் தானாகப் போடும் டே-நைட் ஸ்விட்ச், ஆள் நடமாட்டத்தைப் பார்த்துப் போடும் மோஷன் சென்சார். நடமாட்டச் சென்சார் சூடான உடம்பு அசைவதைத்தான் பார்க்கிறது. இங்கே குரங்குத் தொல்லை பகலில்தான். ராத்திரியில் பக்கத்து வீட்டு நாயும், சென்சார் கண்ணாடி மேலேயே ஊர்ந்து போகும் பல்லியும் போதும், லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும். படியில் நடக்கும்போது பாதியில் அணைந்து போவதும் உண்டு. படிக்கு டே-நைட்தான் என் முடிவு. 9 வாட் லைட் இரண்டு, ராத்திரிக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஆறரை யூனிட். பிரீபெய்ட் மீட்டர் அதைப் பெரிதாக உணராது. மீதி இரண்டைப் பின்புறச் சந்தில் மோஷன் சென்சாரில் போடலாம். அங்கே திடீரென்று எரிவதில்தான் பயனே இருக்கிறது.

டே-நைட் ஸ்விட்ச்சின் கண் தான் போடுகிற லைட்டையே பார்க்கும்படி இருந்தால், போட்டதும் பகல் என்று நினைத்து அணைக்கும், அணைத்ததும் போடும். திரும்பி நிற்கட்டும். பெட்டியில் எல்இடிக்கு எத்தனை வாட் என்று தனியாக எழுதியிருப்பதைப் பாருங்கள். எல்இடி போட்ட கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம், அதனால் சாதாரண பல்புக்குச் சொல்லும் அளவைவிட இது குறைவாகவே இருக்கும். அதற்கடுத்து, சென்சாரைத் தாண்டி நேராக லைட்டைப் போட ஒரு லீவர் வேண்டும். வீட்டில் விசேஷம் என்று முற்றத்தில் கூடாரம் போட்டு ஐம்பது பேர் சாப்பிடும்போது சென்சாரின் விருப்பத்துக்கு விட முடியாது.

கேட் லைட்தான் சண்டை லைட். அக்கா குடும்பமும் அவுட்பில்டிங் குடும்பமும் அதே கேட்டில்தான் வருகிறார்கள். இரண்டு வீட்டிலும் டூ-வே ஸ்விட்ச் வைத்துவிடலாமே என்று கேட்டார்கள். ஒருவர் போட, மற்றவர் அணைக்க, தினமும் கதைதான். அவுட்பில்டிங்குக்குத் தனி மீட்டர் இருந்தால் இரண்டு பக்கக் கம்பியும் ஒரே ஸ்விட்ச்சில் கலந்துவிடும் ஆபத்தும் சேரும். பெரிய வீட்டு சர்க்யூட்டிலிருந்தே எடுத்து டே-நைட்டில் விட்டுவிடுவது நல்லது. அந்தச் சின்னத் தொகையை வாடகையில் பார்த்துக்கொள்ளலாம்.

போனில் அணைக்கிற ஆசை

ஸ்மார்ட் ஸ்விட்ச் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்ச்சுக்கு நியூட்ரல் வேண்டும், நம் வீட்டு ஸ்விட்ச் பெட்டிகளில் லைவும் லைட்டுக்குப் போகும் கம்பியும் மட்டுமே இருக்கும். கரன்ட் போனால் ரௌட்டரும் போகும். திரும்பி வந்ததும் எல்லா லைட்டும் நடுராத்திரியில் எரிகிற வகையும் இருக்கிறது, வாங்கும்போதே அந்த அமைப்பை மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். பையன் ஆசைக்கு ஹாலில் ஒரு லீவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மற்ற பெட்டிகளுக்கு, சுவர் திறந்திருக்கும்போதே ஒரு நியூட்ரல் கம்பியை இழுத்து முனையைப் பத்திரமாக மூடி வைக்கச் சொன்னேன். பிறகு செய்தால் பல மடங்கு ஆகும்.

இது எதையும் வீட்டு ஆளே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. பல்பு மாற்றலாம், அவ்வளவுதான். 2009-இல் வந்த மின் நிறுவல் விதிகளின்படி ஒயரிங் வேலையைப் பதிவு பெற்றவர்தான் சரிபார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். வேலை SANS 10142-1 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ஏற்கெனவே சான்றிதழ் இருக்கும் வீட்டில் ஒரு லைட் பாயின்ட் கூட்டினாலும், அந்தக் கூடுதல் வேலைக்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டை விற்கும்போது இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய சான்றிதழ் செல்லாது. சான்றிதழோடு வரும் சோதனை அறிக்கையில் லைட் பாயின்ட் எத்தனை என்று எழுதும் இடம் இருக்கும். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேட்டிலிருந்து பின்சந்து வரை ஒருமுறை நடந்து எண்ணி, அந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள்.